உலகம்மாள் விழுங்காத மாத்திரை

லாரிச்சாமி அமாவாசையன்று பேசமாட்டார். விடியலில் வாயை மூடினால் விளக்கேற்றிய பிறகுதான் திறப்பார். ஒரு தடவை மடத்துக் கூரையில் தீப்பிடித்தபோதுகூடச் சாப்பாட்டுத் தட்டைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டார். பதினாறு வருஷமாக அந்த விரதம் முறிந்ததில்லை. அது முறிந்த அமாவாசையைப் பற்றியது இந்தக் கதை.

சாமியார் ஆகுமுன் அவர் லாரி ஓட்டியவர். அதனால்தான் அந்தப் பெயர். வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கோ ஐம்பத்தைந்து. மின்வாரியத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மடத்தோடு வந்து சேர்ந்தவர். குரு சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதும், அண்ணாச்சி குருவின் காலில் விழுவதும் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். நாலு நாள் இருந்தால் பழகிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆவுடையப்பன் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து மடத்துக்கு வந்தார். அவருடைய அக்கா உலகம்மாள் அங்கே வாய்ப் புற்றோடு படுத்திருந்தாள். அக்காவுக்குத் திருநீறு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட வேண்டும் என்று எண்ணம்.

சாமி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கண்ணால் கேட்டார்.

"முன்னேறிட்டா சாமி. நான் நினைச்சே பாக்கல."

மேலே சொல் என்று சாமி தலையசைத்தார்.

"தாடை எலும்போட சேத்து எடுக்கணும்னு சொல்லிட்டாவ. நெஞ்சுல இருந்து சதையை எடுத்துக் கன்னத்துல வச்சுத் தைப்பாவளாம். வியாழக்கிழமை ஆபரேஷன். வலின்னா அப்படி வலி. காதுக்குள்ள கம்பியைக் காய்ச்சி விட்ட மாதிரி இருக்குன்னு எழுதிக் காமிச்சா. நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை குடுக்காவ."

ஆவுடையப்பன் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"உங்க உபதேசத்தை அவகிட்டச் சொன்னேன் சாமி. வலியைத் தாங்கினா வினை தீரும். அம்புட்டுத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அவ மாத்திரையை விழுங்கவே இல்ல. நர்ஸ் குடுக்கும்போது வாங்கி, நல்ல பக்கத்துக் கன்னத்துல அடக்கிக்கிடுவா. நர்ஸ் நகந்ததும் துப்பி முந்தானையில முடிஞ்சிருவா. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. துக்கத்தில் அல்ல, பெருமையில். பீடி சுற்றித் தன்னைப் படிக்க வைத்த அக்கா, பள்ளிக்கூடப் பக்கமே போகாமல் தன்னிடமே எழுத்துக்கூட்டப் படித்த அக்கா, இன்று தன்னையே தாண்டிப் போய்விட்டாள் என்ற பெருமை.

முறத்தில் சாமியின் கை நின்றது.

"எத்தனை நாளா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் அடங்கியது. இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

ஆவுடையப்பன் பதறிப்போனார். "சாமி! இன்னைக்கு அமாவாசை."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ஒம்போது நாள்."

சாமி எழுந்தார். மடத்துக்கு விறகு இறக்க வந்த மினி லாரி வாசலில் நின்றது. ஓட்டி வந்தவரைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். ஆவுடையப்பன் நடுவில் நெருக்கிக்கொண்டார். திருநீறு கேட்கவே மறந்துபோயிற்று.

ஊர் தாண்டியது. பிறகு சாமி கேட்டார்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"மருந்துக்கு வலி கேக்கலையேன்னு குழம்புதாரு. நேத்து வந்து பாத்தாரு. ஒரு வாரமா கஞ்சி இறங்கல, தூக்கம் இல்ல, எடை ஆறு கிலோ குறைஞ்சு போச்சு. இந்த உடம்பை வச்சுக்கிட்டு வியாழக்கிழமை மேசையில போடமாட்டேன்னு சொல்லிட்டாரு."

"தள்ளிப் போட்டா?"

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டி கழுத்துக்கு இறங்கிட்டா அப்புறம் கத்தியே வைக்க முடியாதுன்னாரு."

"அப்பமும் நீங்க வாயைத் திறக்கல."

"அக்கா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா சாமி."

சாமி கியரை மாற்றினார். லாரி போன வேகத்தில் அதை ஓட்டி வந்தவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆவுடையப்பன் மனசுக்குள் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். உலகம்மாள் படுக்கவில்லை. படுத்தால் வலி தலைக்கு ஏறும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஈரத் துணியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். கடைவாயில் எச்சில் ஒழுகியது. கண்கள் மூடியிருந்தன.

"பாத்தீயளா சாமி," என்றார் ஆவுடையப்பன் மெல்லிய குரலில். "தவத்துல இருக்கிற மாதிரி."

"காலைப் பாருங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் பார்த்தார். அக்காவின் கால்விரல்கள் கட்டிலின் கீழ்க் கம்பியைப் பற்றியிருந்தன. பற்றிய பற்றில் நகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கம்பியில் உரசி உரசிப் பெருவிரல் ஓரம் தோல் உரிந்திருந்தது. இது ஒரு நாளில் ஆன புண் இல்லை. ஒன்பது நாளும் இதே கட்டிலின் பக்கத்தில்தான் அவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் கண் போகவில்லை.

"போய் நர்ஸ்கிட்டச் சொல்லுங்க," என்றார் சாமி.

"நீங்க சொன்னா..."

"நீங்க சொல்லுங்க."

வார்டு நர்ஸ் ஜெபராணி முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"நல்லா இருக்குய்யா. மருந்து கேக்கலன்னு டாக்டர் நேத்துதான் அளவைக் கூட்டி எழுதினாரு. அதை அவங்க நிஜமாவே முழுங்கியிருந்தா, இத்தனை நாள் மருந்து விட்டுப்போன உடம்புக்கு மூச்சே நின்னிருக்கும். வயசுல பெரிய மனுஷன் செய்யுற காரியமா இது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஆவுடையப்பனுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசிப்போயிற்று. ஜெபராணி டாக்டருக்குப் போன் போட்டாள். ஒன்பது நாள் நின்றுபோனதால் பழையபடி குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும், பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், வலி அடங்கிக் கஞ்சி இறங்கினால் வியாழக்கிழமையைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன் என்றார் டாக்டர். நாளைக்கும் இப்படியே இருந்தால் பேச்சே கிடையாது.

சின்ன மூடியில் மருந்து வந்தது. இந்தத் தடவை மாத்திரை இல்லை, தண்ணீர் மருந்து. ஒளித்து வைக்க முடியாதது.

உலகம்மாள் கண்ணைத் திறந்தாள். மூடியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். காட்டிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டது பார்வை. வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

சாமி கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தார்.

"அக்கா, நான்தான் மடத்துச் சாமி. இதைக் குடிங்க."

உலகம்மாளும் பதிலுக்குக் கும்பிட்டாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து, கோணல்மாணலாக எழுதிக் காட்டினாள்.

'தம்பி சொன்னாத்தான்.'

சாமி விலகி நின்றார். ஆவுடையப்பன் கட்டிலருகே போனார்.

"குடிக்கா. சாமியே சொல்லுதாவல்லா."

மறுபடி தலையாட்டல். பென்சில் ஓடியது. வலி வரும்போதெல்லாம் எழுத்து கோட்டைவிட்டு இறங்கியது.

'நீ எரக்கப்பட்டுச் சொல்லுதே. நான் தாங்கிருவேன். பாதியில விட்டா தாங்கினதெல்லாம் வீணாப் போயிரும்.'

ஆவுடையப்பன் அதை இரண்டு தடவை படித்தார். இந்த அக்கா தான் சொன்னதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. 'தம்பி படிச்சவன், தம்பிக்குத் தெரியும்' என்றே அறுபது வயது வரை வந்துவிட்டாள். இப்போதும் அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம். தம்பி தன்னைப் பலவீனம் என்று நினைத்துவிடுவானோ என்று பயப்படுகிறாள்.

ஜெபராணி மணியைப் பார்த்தாள். "ஐயா, சீக்கிரம். எனக்கு இன்னும் பதினாலு கட்டில் இருக்கு."

ஆவுடையப்பன் சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எக்கா," என்றார் ஆவுடையப்பன். "போன ஐப்பசியில எனக்குப் பல்வலி வந்துது."

உலகம்மாள் ஆடுவதை நிறுத்தினாள்.

"மடத்துலதான் இருந்தேன். முத நாள் ஜபம் பண்ணிப் பாத்தேன். ரெண்டாம் நாள் உப்புத் தண்ணியில கொப்புளிச்சேன். மூணாம் நாள் தாங்கல. பால் வாங்கப் போற சாக்குல மெடிக்கலுக்குப் போயி மாத்திரை வாங்கிப் போட்டேன். யாருக்கும் தெரியாம அட்டையைத் தொட்டிச் செடிக்கு அடியில பொதைச்சேன். நாலு நாளைக்குப் போட்டேன்க்கா. வலி போனதும், தாங்கி ஜெயிச்சவன் மாதிரி எல்லாருகிட்டயும் பேசினேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆவுடையப்பன் அதைப் பொருட்படுத்தவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

"வினை தீருமா தீராதான்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். எனக்கு வந்தது ஒரு சொத்தைப் பல்லு. அதையே என்னால தாங்க முடியல."

உலகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபராணிகூட மணியைப் பார்க்க மறந்துவிட்டாள். இனி ஜென்மத்துக்கும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

அவள் பென்சிலை எடுத்தாள்.

'எந்தப் பல்லு?'

ஆவுடையப்பன் வாயைத் திறந்து, விரலை விட்டு, வலது பக்கக் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். உலகம்மாள் ஈரத் துணியைக் கன்னத்தில் அழுத்தியபடியே குனிந்து, தம்பியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். இன்னும் பிடுங்கவில்லையா என்று கையால் கேட்டாள்.

"பிடுங்கிருதேன்க்கா."

அவள் ஜெபராணியிடம் கை நீட்டி மருந்தை வாங்கினாள். வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. பாதி கடைவாயில் வழிந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்து பார்த்தார்கள். வழியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிக் கரைந்து ஒட்டிப்போயிருந்த மாத்திரைகளை ஜெபராணியின் கையில் கொட்டினாள்.

"என் வேலைக்கு உலை வச்சிருப்பீங்க," என்றாள் ஜெபராணி. ஆனால் அந்தக் கையாலேயே உலகம்மாளின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் கால் மணி நேரம் ஒன்றும் மாறவில்லை. உலகம்மாள் ஆடிக்கொண்டேதான் இருந்தாள். ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்து அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து பிந்திவிட்டதோ, உடம்பு இனிக் கேட்காதோ என்று ஒவ்வொரு நினைப்பாக வந்தது. ஒரு தடவை அவள் முனகிக்கொண்டே கட்டிலை ஓங்கிக் குத்தினாள். அவர் எழுந்து ஜெபராணியிடம் ஓடினார். பொறுங்கள் என்று திருப்பி அனுப்பினாள்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கட்டில் கம்பியிலிருந்து ஒரு கால்விரல் விட்டது. அப்புறம் மற்றவையும் விட்டன.

அரை டம்ளர் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார்கள். இறங்கியது. நாளை மறுநாள் கத்தி இருக்கிறதா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இருந்தால் பாதித் தாடை போகும். அதற்குப் பிறகு வரப்போகிற வலி தனி. ஆனால் உலகம்மாள் ஒன்பது நாளைக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தாள். தம்பியின் சட்டை நுனியைப் பிடித்தபடி தூங்கிப்போனாள். ஜெபராணி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாமி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆவுடையப்பன் தரையிலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வெட்கத்தோடு கொஞ்சம் கோபமும் இருந்தது.

"சாமி. வலியைத் தாங்கினா வினை தீரும்னு நீங்கதான சொன்னீய? பங்குனி மாசம், கிணத்தடியில வச்சு. நான் தேதி போட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"சொன்னேன்."

"அப்பம் அது பொய்யா?"

சாமி கட்டிலைப் பார்த்தார். சட்டை நுனியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு எனக்கு முட்டு வலிச்சுது அண்ணாச்சி. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீங்க பக்கத்துல இருந்தீய."