வெறும் ஓட்டம்

"என்னால முடியலீங்கம்மா" என்றார் சென்னியப்பன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆசிரமத்து அம்மையார் நிமிரவில்லை.

"எதுங்கய்யா முடியல?"

"தியானந்தானுங்க. போன மாசம் வந்த பொண்ணுகூட ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்குது. நான் கண்ண மூடுனா, தம்பி துணிய நனைச்சிருப்பானோன்னு நெனப்பு வருது. எந்திரிச்சுப் போறேன். போய்ப் பாத்தா நனைச்சுத்தான் வெச்சிருக்கான்."

தம்பி மாரப்பன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவன். அவனையும் தூக்கிக்கொண்டுதான் சென்னியப்பன் ஆசிரமத்துக்கு வந்தார். காலையில் ஆசிரமத்து மாவு மில்லை ஓட்டுவார். மற்ற நேரமெல்லாம் தம்பிக்குத்தான். கடவுளுக்கு மிஞ்சுவது கொட்டாவி மட்டும்.

"டவுன்ல ஒரு இல்லம் இருக்குதுங்க. இப்படிப் படுத்த படுக்கையா இருக்கறவங்கள வெச்சுப் பாத்துக்குவாங்களாம். இன்னைக்கு வண்டி வருது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிடறேன். மத்தவங்கள நானும் எட்டிப் புடிச்சிருவேன்."

சொல்லி முடித்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் நடத்தியவர். வாயைத் திறந்து உபதேசமே செய்வதில்லை என்று ஆசிரமத்தில் அவர்மேல் ஒரு குறை உண்டு.

"மில்லுக்குப் போலாம் வாங்க."

"அரைச்சு முடிச்சாச்சுங்களே."

"பரவால்ல."

மோட்டாரை வெறுமனே ஓட்டச் சொன்னார் அம்மையார். பெல்ட் சும்மா சுற்றும் கப்பியில் கிடந்தது; அரைவைக் கல் அசையவில்லை.

"எப்படி ஓடுது?"

"ஜம்முனு ஓடுதுங்க. இப்படி ஓடணும்னுதான் நானும் கேக்கறேன். பாரமே இல்லாம."

"கரண்ட் மீட்டர்?"

"முள்ளு கீழயே நிக்குது."

"மோட்டாருக்குள்ள சுத்துற உருளைக்கு எந்த ஒயர் போகுது?"

சென்னியப்பன் யோசித்தார். பேரிங் மாற்றுவதற்காக எத்தனையோ முறை கழற்றியிருக்கிறார்.

"அதுக்கு ஒயரே கெடையாதுங்க. சுத்தியிருக்கற காயிலுக்குத்தான் கரண்ட்."

"காயில்ல கரண்ட் மாறி மாறி வரும். ஒரு காந்தம் உருளையச் சுத்தி ஓடுற மாதிரி ஆகும். கண்ணுக்குத் தெரியாது. அது கடந்து போறப்ப உருளைக்குள்ளயே கரண்ட் பிறக்கும். அந்தக் கரண்ட்லதான் உருளை பின்னாலயே ஓடுது."

"புடிச்சிருமுங்களா?"

"மோட்டார் மேல இருக்கற தகட்டப் பாருங்க."

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படித்தார். நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.

"காந்தம் ஆயிரத்து ஐந்நூறு."

"பாவம். என்னாட்டவே" என்றார் சென்னியப்பன். "புடிச்சிருச்சுன்னா?"

"ரெண்டும் ஒண்ணாச் சுத்தும். ஒண்ணை ஒண்ணு கடக்காது. உள்ள கரண்ட் பிறக்காது. இழுவை நின்னுடும்."

சென்னியப்பன் தகட்டை மறுபடியும் துடைத்தார்.

"இப்ப பெல்ட்டக் கல்லுப் பக்கம் தள்ளுங்க. கொஞ்சம் கம்பு போடுங்க."

போட்டார். மோட்டாரின் சத்தம் கனத்தது. வேகம் ஒரு பொட்டு குறைந்தது. பழகிய காதுக்குத்தான் அது தெரியும்.

"இன்னும் பின்னால போயிருச்சுங்க" என்றார் வருத்தமாக.

அம்மையார் மீட்டரைக் காட்டினார்.

முள் ஏறிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் இன்னும் இரண்டு கை கம்பு போட்டார். மோட்டார் இன்னும் பின்தங்கியது. முள் இன்னும் ஏறியது. யாரும் எதையும் திருகவில்லை. தினமும் அந்த முள்ளைப் பார்த்து, மோட்டார் திணறுகிறது என்றுதான் அவர் நினைத்து வந்திருக்கிறார்.

பின்தங்கப் பின்தங்க அது கூடுதல் சக்தியை வாங்கிக்கொள்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. இல்லத்து வண்டி.

"நான் என்ன சொல்லட்டுங்கய்யா?" என்று கேட்டார் அம்மையார்.

சென்னியப்பன் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார்.

"வண்டிக்காரருக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிடுங்கம்மா. மில்லையும் கொஞ்சம் பாத்துக்கங்க. தம்பியப் பொரட்டிப் படுக்க வைக்கற நேரமாச்சு."