பேஸ் ஓடிப்போன கதவு

வீட்டு மாடியில் நான் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ கட்டினேன். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் பத்தடி. இவ்வளவு கச்சிதமாக அறை கட்டியவன் ஊரிலேயே நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். வேறு யாரும் ஏன் அப்படிக் கட்டவில்லை என்று யோசிக்கத்தான் எனக்கு நேரமில்லை. நூல் பிடித்து அளந்து, நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் ஒரு பாட்டைப் பதிவு செய்து முடித்துக் கொடுத்தாக வேண்டும். அதில் பேஸ் என்கிற கனமான அடிச்சத்தம் மட்டும் கேட்கவில்லை. எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை. பழியைப் போட ஆள் வேண்டுமே. கதவு செய்த தச்சர் காத்தமுத்துவைக் கூப்பிட்டேன்.

"உன் கதவுச் சந்து வழியாத்தான் பேஸ் வெளியே ஓடுது. சாயங்காலத்துக்குள்ள அதைப் பிடிச்சுக் கொண்டா. இல்லேன்னா கதவைக் கழற்றி எடுத்துட்டுப் போயிரு."

எப்போது வந்தாலும் நான் நிற்க வைக்கும் கதவோரத்திலேயே நின்றபடி அவர் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பிடிச்சுட்டேன் சார். இங்க வந்து வாங்கிக்குங்க."

எழுந்து போய் அவர் பக்கத்தில் சுவரோரமாக நின்றேன். நெஞ்சு அதிர்ந்தது, பல்கூட ஆடியது. நான் ஏற்றிய பேஸ் முழுவதும் அங்கேதான் இருந்தது.

"மூணு அளவும் ஒண்ணா வச்சிட்டீங்க சார். கனமான சத்தமெல்லாம் சுவரோரம் குவியுது, நடுவுல காலி," என்றார்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூப்பிடுறப்பெல்லாம் என்னை இங்கதானே நிக்க வச்சீங்க? ஒரு நாள் உங்க நாற்காலியில உட்காரச் சொல்லியிருந்தா, எனக்கும் கேட்டிருக்காது."