குழாய்க்கு வந்த ரோஷம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கிற என் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும்.

தாமிரபரணிக் கரையோரம் ஓர் ஊரில், ஒரு நாள், பார்வையற்றோர் கால்பந்து இறுதி ஆட்டம். அந்தப் பந்துக்கு வயிற்றுக்குள் சலங்கை. உருண்டால் சலசலக்கும்; ஆடுகிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் கண். லேசாக வெளிச்சம் தெரிகிறவனுக்கும் சேர்த்தே கண்ணைக் கட்டிவிடுவார்கள். பந்தை எடுக்கப் போகிறவன் ‘வோய்’ என்று குரல் கொடுக்க வேண்டும், மற்றவன் வந்து முட்டாமலிருக்க. பார்க்க வந்தவர்கள் மூச்சு விடக் கூடாது.

ஊரே வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி மட்டும் அடங்கவில்லை.

“இருளை வென்ற இமயங்களே! அகக்கண் திறந்த அரிமாக்களே!”

பந்து உயிரைக் கொடுத்துச் சலசலத்தது. ஒருவன் காதிலும் விழவில்லை. நடுவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நடுவரும் கையசைத்து மகிழ்வதாகக் குழாய் அறிவித்தது.

“அண்ணாச்சி, செத்த நேரம் வாய மூடும்” என்றது பந்து. “என் சத்தம் பயலுவளுக்கு எட்டல.”

“அவனுவளத்தாம்லே புகழுதேன். நான் பேசலன்னா அவனுவ ஆடுதது ஊருக்கு எப்படித் தெரியும்?”

“ஊருதான் கண்ணத் தொறந்துகிட்டு உக்காந்திருக்கே!”

குழாய் அடுத்த அடைமொழிக்குப் போய்விட்டது.

அந்த இரைச்சலில் ஆடிக்கொண்டிருந்த இசக்கியப்பனும் அவன் கூட்டாளியும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காமல் மோதிக்கொண்டார்கள். இசக்கியப்பனுக்கு உதடு கிழிந்து வீங்கிவிட்டது. இன்னொரு முட்டல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காசைச் சுண்டிக் கோப்பையைக் கொடுப்பேன் என்றார் நடுவர். பந்துக்கு வயிறு எரிந்தது. மூணு மாசம் இந்தப் பயலுவ காலுல உருண்டது பூவா தலையா பாக்கவா?

கடைசி நிமிடம். கோல் இல்லை. பந்து தானாகவே உருண்டுபோய் இசக்கியப்பன் காலை இடித்தது. அவன் ‘வோய்’ என்று கத்தினான். வீங்கின உதட்டில் ‘வ’ ஒட்டவில்லை.

“ஓய்!”

குழாய் திடுக்கிட்டது. “யாரப் பாத்துலே ஓய்ங்குத? மந்திரி பேசுன வாய்டே இது. மரியாத தெரியாத எடத்துல இனி ஒரு சொல்லு பேச மாட்டேன்.”

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

மைதானம் அமைதியானது. சல், சல், சல் என்றது பந்து. நாலே எட்டில் இசக்கியப்பன் உதைத்தான். வலை குலுங்கியது.

அன்று சாயங்காலம் கழற்றி இறக்கும்போது குழாய் சொன்னது: “என்னயப் பேச விட்டிருந்தா அஞ்சு கோல் விழுந்திருக்கும்.”

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் குழாய்க்கு எதுவும் காதில் ஏறாது, தன் மரியாதை குறைகிற சத்தத்தைத் தவிர.