கரிச்சிக்கு வைத்த கீரைச்சோறு

“தாயே, விறகுக் கொட்டகையில ஏதோ சத்தம். விளக்கு வெச்சதுலேர்ந்து கேக்குது.”

“என்ன சத்தம்?”

“மரம் அறுக்கிற மாதிரி. இழுத்து இழுத்து.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லை. உங்களைக் கேட்டுட்டுப் போகலாம்னு.”

மடத்தின் குரு மெய்யம்மை டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

டார்ச்சை வாங்கியவர் அம்பலவாணன். மடத்துச் சமையல் அவர் பொறுப்பு. சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வருமுன் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தார். பந்தியில் அவர் வந்தால், போதும் என்று இலைமேல் கை மறித்தவர்களுக்கும் இன்னொரு கரண்டி விழும்.

இருவரும் போனபோது கொட்டகையில் கரிச்சி கிடந்தாள். மடத்து நாய். சத்தம் அவளுடைய மூச்சு.

எழுந்திருக்கப் பார்த்தாள். பின்னங்கால் மடிந்தது. மெய்யம்மை அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. படுத்திருந்த இடத்தில் மூத்திரம், காப்பி டிகாஷன் நிறத்தில்.

“என்ன சாப்பிட்டா?”

“நல்லதாத்தான் போட்டேன் தாயே. காய்கறி.”

“என்ன காய்?”

“வெங்காயம்.”

அந்த மடத்தில் வெங்காயமும் பூண்டும் அடுப்பேறாது. தீட்சை வாங்கிய நாளிலிருந்து மெய்யம்மை இரண்டையும் தொட்டதில்லை. அது தெரியாத வியாபாரி ஒருவர் வெங்காய மூட்டையொன்றை இறக்கிவிட்டுப் போயிருந்தார். திருப்பி அனுப்பினால் கொடுத்தவர் மனம் நோகும். குப்பையில் கொட்டினால் பாவம். அம்பலவாணன் தினமும் உரித்து, வேக வைத்து, நெய் விட்டு, சோற்றில் பிசைந்து கரிச்சிக்கு வைத்தார்.

“நமக்கு ஆகாதது அவளுக்காவது ஆகட்டும்னு...”

மெய்யம்மை போர்வை எடுத்து வரப் போனார்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். கோபக்காரி.

“வெங்காயமா? எவ்வளவு?”

“வயிறார.”

“ஏன் சார், அது நாய்க்கு ரத்தத்தையே உடைச்சிடும். பூண்டும் அப்படித்தான்.”

“பச்சையாக் கொடுக்கலையேம்மா. நல்லா வேக வெச்சு...”

“வேக வெச்சாலும் அதேதான். வதக்கினாலும் அதேதான்.”

“நெய் விட்டு...”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது.

“பிழைச்சிடுவாளா?”

“இப்ப சொல்ல முடியாது. பிழைச்சாலும் ரத்தம் ஊற நாளாகும். அதுக்குள்ள இன்னொரு தடவை உள்ளே போச்சுன்னா என்னால ஒண்ணும் ஆகாது.”

“அப்ப காயே கொடுக்கக் கூடாதா?”

“யார் சொன்னது? பூசணி, கேரட், பீன்ஸ் கொடுங்க. வேக வெச்சு, பொடியா நறுக்கி. உப்பு, காரம், தாளிப்பு எதுவும் வேண்டாம். அதுவும் தொட்டுக்கிற அளவுக்குத்தான். வயித்துக்குச் சோறும் முட்டையும்.”

“முட்டையா? எங்க மடத்துலயா?”

மெய்யம்மை அப்போதுதான் வாய் திறந்தார்.

“தீட்சை வாங்கினது நாம. அவ வாங்கலை.”

கரிச்சி பிழைத்தாள். நின்றாள், நடந்தாள். ஓட முடியவில்லை.

“தாயே, கேரட் கொடுக்கலாமா?”

“டாக்டர் சொன்னாங்களே.”

“பூசணிக்காய்?”

“அதையும் சொன்னாங்க.”

“சுரைக்காய்?”

“சொல்லலை. போன் போட்டுக் கேளுங்க.”

அம்பலவாணன் நகரவில்லை.

“என்னால முடியலை தாயே. அவளுக்குச் சோறு வைக்க வேற யாரையாவது விடுங்க. கையில தட்டை எடுத்தாலே பயமா இருக்கு. அவ என்னை நம்பித்தானே வாயத் திறக்கிறா?”

மெய்யம்மை அவர் கையிலிருந்த கேரட்டை வாங்கி நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.

“இன்னும் வேகணும்,” என்று திருப்பிக் கொடுத்தார்.

அம்பலவாணன் அடுப்படிக்குத் திரும்பினார்.

தேய்பிறை அஷ்டமி வந்தது. அது பைரவருக்கு உகந்த நாள்; நாய் அவருடைய வாகனம். அன்றைக்கு ஊர்க்காரர்கள் நேர்ந்துகொண்ட சோற்றோடு மடத்துக்கு வருவார்கள். கரிச்சியைப் பார்க்காமல் யாரும் போக மாட்டார்கள்.

“இன்னைக்கு அவளை நீங்க பார்த்துக்குங்க,” என்றார் மெய்யம்மை. “யார் எதை நீட்டினாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“நானா தாயே?”

“நீங்கதான்.”

அம்பலவாணன் களஞ்சிய அறை வாசலில், கரிச்சியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிஸ்கட் கொண்டுவந்தவரைத் திருப்பினார். வெங்காய வடை கொண்டுவந்தவரையும் திருப்பினார்.

“ஏன் சாமி, உங்க நாய் டயட்டுல இருக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

அடுத்து செண்பகவல்லி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் தூக்குச்சட்டி. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டால் கரிச்சிக்குத் தன் கையால் சோறு வைப்பதாக நேர்ந்திருந்தாள். காய்ச்சல் முந்தின நாள்தான் விட்டிருந்தது.

“கீரைச்சோறு சாமி. பூண்டு நிறையத் தட்டிப்போட்டுக் கடைஞ்சேன்.”

“பூண்டு அவளுக்கு ஆகாதும்மா. சாகப் பிழைக்கக் கிடந்தா.”

“கீரைதானே சாமி? கறியா, மீனா?”

“நானும் அப்படி நினைச்சுத்தான்...”

“ஒரு வாய். ஒரே ஒரு வாய் வெச்சிட்டுப் போயிடறேன். வைக்கலைன்னா இவனுக்கு ராத்திரி திரும்பச் சுடுமே. அப்ப நான் யாரைப் போய்க் கேப்பேன்? நீங்க வருவீங்களா?”

குழந்தை அவள் தோளில் கன்னத்தைப் பதித்துத் தூங்கியது. கரிச்சி வாலை ஆட்டிக்கொண்டு சட்டிப் பக்கம் இழுத்தாள். அம்பலவாணன் பிடி தளர்ந்தது.

“தாயே!”

மெய்யம்மை வந்தார்.

“இந்தப் பொண்ணுக்கு நேர்த்தி. கரிச்சிக்கு விஷம். நான் யாருக்கு இல்லைன்னு சொல்றது?”

மெய்யம்மை இருவரையும் பார்த்தார். கரிச்சிக்கு விரித்திருந்த சாக்கில் உட்கார்ந்தார். அவளுடைய அலுமினியத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வைங்கம்மா.”

“ஐயோ, உங்களுக்கா? இது நாய்க்குன்னு...”

“தெரியும். அவளுக்கு உடம்பு சரியில்லை. இன்னைக்கு அவ இடத்துல நான் இருக்கேன்.”

“பைரவர் ஒத்துக்குவாரா?”

“அவர் கோவிச்சுக்கிட்டா என்கிட்ட வரட்டும். உங்க வீட்டுக்கு வர மாட்டார்.”

செண்பகவல்லி ஒரு கரண்டி வைத்தாள். பூண்டு வாசம் எழுந்தது.

“தாயே, உங்க விரதம்!”

மெய்யம்மை ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

“உப்பு கொஞ்சம் கம்மி.”

செண்பகவல்லி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, சட்டியில் மிச்சமிருந்ததையும் வழித்துத் தட்டில் வைத்தாள்.

பின்னால் நின்றவர்கள் தங்கள் தங்கள் சட்டியைத் திறந்தார்கள்.

கரிச்சி முனகினாள். அது அவள் தட்டு. அவள் சோறு. தட்டைப் பார்த்தாள், அம்பலவாணனைப் பார்த்தாள். கல்யாணப் பந்தியில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் அவர் அண்டாவையே இலையில் கவிழ்த்திருப்பார்.

மெய்யம்மை வாய் நிறையச் சோற்றோடு, கண்ணால் களஞ்சிய அறையைக் காட்டினார்.

அம்பலவாணன் கரிச்சியை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் அவர் மோவாயை நக்கினாள். கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார்.