மகாராஜா போனுக்குத் தளம் மாற்றின கதை

வேலங்காட்டுச் சீமையை ஆண்ட வீரசொக்கராயரிடம் ஒரு போன் இருந்தது. ராஜா அதைத் தானே தூக்கிக்கொண்டு அலைவாரா? அதற்கென்று ஓர் ஆள் உண்டு. ராஜாவுக்கு வெற்றிலைப் பெட்டி ஏந்துகிறவரை முன்பு அடைப்பக்காரர் என்பார்கள். வெற்றிலை போய் போன் வந்தது. பெட்டி அதேதான், பதவியும் அதேதான். அந்தப் பதவியில் இருந்தவள் சொர்ணத்தம்மாள். சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பக்கத்துத் தாழையூர் நாட்டுக் கல்யாணத்துக்குப் போன ராயர், முகம் சுருங்கித் திரும்பி வந்தார். அந்த நாட்டு ராஜாவின் போன் அவர் முகத்தைப் பார்த்ததும் தானே திறந்துகொள்கிறதாம். ராயர் போனோ, விரலை வைத்தால் ஒரு செம்பு மோர் குடித்து முடித்த பிறகுதான் திறக்கும்.

"நம்ம போனுக்கு என்னய்யா கேடு?" என்று சபையில் கேட்டார்.

சேனையை நடத்தும் தளவாய் பூவராகர் இதற்குத்தான் காத்திருந்தார். "போன் தங்கமான போன், மகாராஜா. உள்ளே இருந்து அதை ஓட்டுகிற இயங்குதளம்தான் மட்டம். நம்ம முல்லைத் தளத்தை எடுத்தெறிந்துவிட்டு, தாழையூராரின் தாழம்பூத் தளத்தை ஏற்றினால் குதிரை மாதிரி பறக்கும்."

"அது எதிரி சரக்காச்சே?"

"எதிரியின் கோட்டையைப் பிடித்தால் வீரம். தளத்தைப் பிடித்தால் வீரமில்லையா?"

ராயருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "சொர்ணத்தம்மா, இப்பவே மாற்று!"

சொர்ணத்தம்மாள் உடனே பெட்டியைத் திறக்கவில்லை. அந்தப் போனில் 'குடிகள் குறை' என்று ஒரு குழு இருந்தது. ஊர் ஜனங்கள் ராஜாவுக்கு எழுதுகிற இடம். வருகிற வெள்ளிக்கிழமை அதைத் திறந்து படிப்பதாக ராயர் வாக்குக் கொடுத்திருந்தார். திறக்க ராஜா விரல் வேண்டும். ஆனாலும் கடைசியாக வந்த சேதியின் முதல் வரி மட்டும் மேலேயே தெரியும். 'மகாராஜா, நாத்து கருகுது.' ஒரு வாரமாக அதைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தளம் மாற்றினால் அந்தக் குறையெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதைச் சொல்லலாமென்றால், தளவாயை எதிர்த்து வாய் திறந்த புலவர் ஒருவர் மறுநாளே எல்லைக் காவலுக்குப் போனவர்தான், இன்னும் வரவில்லை.

'முருகா, நீயே வழிவிடு' என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள்.

"மகாராஜா, போன் ஒரு கேள்வி கேட்குது. 'உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று."

ராயர் துள்ளி எழுந்தார். "எல்லாமா? நான் யானைமேல் உட்கார்ந்து எடுத்த செல்ஃபி?"

"அதுவும்தான் மகாராஜா. தும்பிக்கையோடு போகும்."

"படத்தை மட்டும் எடுத்துவிடலாம் மகாராஜா, மற்றதெல்லாம் குப்பை" என்று தளவாய் அவசரப்பட்டார்.

"என் போனில் எதுய்யா குப்பை? சொர்ணத்தம்மா, ஒன்று விடாமல் எல்லாத்தையும் வெளியே எடுத்து வை. அப்புறம் மாற்று. இது ராஜ கட்டளை!"

"உத்தரவு" என்றவள், ராஜா வருகையைக் கூவி அறிவிக்கும் கட்டியக்காரரைப் பக்கத்தில் அழைத்துப் போனை நீட்டினாள். "ஐயா, ஒவ்வொன்றாகச் சபைக்கு எடுத்து வையுங்கள். மகாராஜா விரல் வைப்பார்."

"என்னம்மா கூத்து இது?" தளவாய் குரல் உயர்ந்தது. "வெளியே எடுப்பதென்றால் இன்னொரு போனில் ஏற்றுவது!"

"ஏற்றலாம் ஐயா. யார் போனில்? மகாராஜாவின் அந்தரங்கத்தைத் தங்கள் போனிலா?"

ராயர் தளவாயை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டியம், நீ படி."

கட்டியக்காரருக்கு அடங்கின குரலே கிடையாது. "ராஜாதிராஜ! ஒரு ரோஜாப்பூ! மேலே பனித்துளி! கீழே 'இனிய செவ்வாய்'! அனுப்பியவர் தளவாய்! பராக்! அடுத்து, ஒரு ரோஜாப்பூ! 'இனிய புதன்'! அனுப்பியவர் தளவாய்! பராக்!"

நூறு ரோஜாப்பூ தாண்டியதும் ராயர் கையைக் காட்டினார். "இன்னும் எத்தனை?"

"மூவாயிரத்துச் சொச்சம் மகாராஜா."

"அடப்பாவி! இத்தனை பூவைச் சுமந்தால் யானையே படுத்துக்கும், போன் என்னய்யா செய்யும்?"

சபை சிரித்தது. தளவாய்க்கு மட்டும் வேர்த்தது. "அடுத்தது 'குடிகள் குறை' மகாராஜா" என்றாள் சொர்ணத்தம்மாள் மெதுவாக. ராயர் விரல் வைத்தார்.

கட்டியக்காரர் கூவத் தொடங்கி, பாதியில் குரல் இறங்கிப் படித்தார். "மகாராஜா, நாத்து கருகுது. நான் கீழமடை தவசியம்மா. ஏரி மடையை அடைச்சிட்டாங்க. தளவாய் ஐயா தென்னந்தோப்புக்குத்தான் தண்ணி போகுது. ஏழாந் தடவையா எழுதுறேன். நீங்க பார்த்ததா நீல டிக்கே வரல. நல்லா இருக்கீங்களா, மகாராஜா?"



"இது ஏன் என் காதில் விழவில்லை?" ராயர் குரல் தணிந்திருந்தது.

இப்போது ராஜாவே கேட்டுவிட்டார், சொல்லலாம் என்று சொர்ணத்தம்மாள் வாய் திறந்தாள். "மணிச்சத்தம் தங்கள் தூக்கத்தைக் கெடுக்குதென்று, தாங்கள் உறங்கும்போது தளவாய்தான் தங்கள் விரலைப் பிடித்து இந்தக் குழுவை மியூட்டில் போட்டார், மகாராஜா."

 

ராயர் சொர்ணத்தம்மாள் பக்கம் திரும்பி, "சரி, எல்லாம் வெளியே வந்தாச்சு. தளத்தை மாற்றிவிடலாமா?" என்றார்.

"தங்கள் கட்டளையை மீற நான் யார்? ஆனால் மகாராஜா, சொல்லும்போது அவசரத்தில் ஒரு வாய் விட்டுப்போச்சு."

"வாயா? என்ன வாய்?"

"மாற்ற வேண்டியது தளம் இல்லை மகாராஜா. தளவாய்."

ராயர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை மடியில் விழுந்தது. அதை எடுக்கக்கூட மறந்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை இருக்கட்டும், மகாராஜா. மடைக்கு முதலில் ஆள் அனுப்புங்கள். வெயில் ஏறுது" என்றாள் சொர்ணத்தம்மாள்.