கோணல்பாடியில் கள்ளுக்கடைக்கு அனுமதி கிடைத்த விதம்

கோணல்பாடிப் பேரூராட்சி சபை சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும் செய்யும். ஊருக்குக் கேடே அதுதான்.

போன வருஷம் மேலிடத்திலிருந்து மரக்கன்றுகள் அனுப்பி, "இவற்றைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும்" என்றார்கள். சபை அன்றைக்கே கன்றுகளை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. பீரோ இன்னும் பூட்டியே இருக்கிறது. ஒரு கன்றுகூடக் களவு போகவில்லை.

இப்பேர்ப்பட்ட சபையிடம்தான் ராசகிளி கள்ளுக்கடைக்கும் மேளக் கச்சேரிக்கும் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டாள். சந்தையில் கருவாட்டுக் கூடையோடு பிழைப்பை ஆரம்பித்தவள். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. கோபம் வந்தால் எதிரே நிற்பது ஆளா, தூணா என்று பார்க்க மாட்டாள். குளத்தங்கரையில் இருந்த பழைய நெல் குடோனைப் பிடித்துக் கடையாக்கியிருந்தாள். அதற்கு முன்பக்கம் தெருவைப் பார்த்து ஒரு வாசல், பக்கத்துச் சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். பின்சுவரை ஒட்டிக் குளம்.

விடியற்காலையில் இறக்கிய கள் பானை பானையாக உள்ளே இருந்தது. மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். இனி அனுமதி ஒன்றுதான் பாக்கி. அது பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் கள் அத்தனையும் புளித்துப்போகும். குளத்தில்தான் கொட்ட வேண்டும்.

அன்று காலையில் தாசில்தார் அந்தப் பக்கம் போனவர், ஜீப்பை நிறுத்தாமலே சபைத் தலைவர் ஆவுடையப்பனிடம் கத்திவிட்டுப் போயிருந்தார்: "கேட்டதை அப்படியே கொடுத்துராதீங்க, பேரம் பேசுங்க! மேளச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. குடிச்சவன் ஒருத்தனும் தெருவுல வந்து விழக்கூடாது. அந்தம்மாவை எதிரே நிறுத்தி, சபை முழுக்கக் கை தூக்கி, அப்புறம்தான் முத்திரை. சாயங்காலம் வந்து பார்ப்பேன்!"

ஜீப் பின்னாலேயே ஓடி ஓடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார் ஆவுடையப்பன்.

சபை கூடியது. தலைவரைத் தவிர மூன்று உறுப்பினர்கள்: கொத்தனார் தங்கப்பழம், பால்காரி சந்தனமாரி, வேலை எதுவும் இல்லாத இசக்கிமுத்து.

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வேணும்?" என்றார் தலைவர்.

ராசகிளிக்கு வேண்டியது பத்து. சந்தைப் பழக்கம், பதினொன்று என்றாள்.

"பதினொண்ணா! முடியவே முடியாது!" தலைவர் மேஜையைக் குத்தினார். "பன்னிரண்டு!"

ராசகிளி ஒரு கணம் விழித்தாள். ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் அவள் வாய் தானாக இறங்கும். "பத்தரை வைங்க அண்ணாச்சி."

"ஒண்ணு!" என்றாள் சந்தனமாரி.

"சரி, பத்து!"

"ரெண்டு!" என்றார் தங்கப்பழம்.

ராசகிளி எட்டு மணிக்கு இறங்கியபோது சபை விடியற்காலை நாலு மணிக்கு ஏறி நின்றது.

"இதுக்கு மேல எங்களுக்குக் கட்டுப்படியாகாதும்மா" என்று துண்டால் வேர்வையைத் துடைத்தார் தலைவர். ராசகிளி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரத்தில் தோற்று, அதில் லாபமும் பார்த்தாள்.

அடுத்தது சத்தம். எல்லோரும் குடோனுக்குப் போனார்கள். மேளக்காரர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, இசக்கிமுத்துவை வெளியே நிறுத்தினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"கேட்குது தலைவரே."

"யாருக்குக் கேட்குது?"

"எனக்குத்தான்."

"வேற யாருக்காவது?"

"வெளியே நான் மட்டும்தானே நின்னேன்?"

"அப்போ தப்பு மேளத்து மேல இல்லை. உன் மேல" என்றார் தலைவர். "உள்ளே வா."

அவன் உள்ளே வந்தான். இப்போது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. டீக்கடைக்காரரோடு சேர்த்து அவர்களும் வந்தார்கள். இப்படியே ஊர் மொத்தமும் குடோனுக்குள் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் மட்டும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்; அவ்வளவு தூரத்துக்கு மேளம் கேட்காது.

"இப்போ வெளியே யாருக்காவது கேட்குதா?" என்று தலைவர் உள்ளேயிருந்தே உரக்கக் கேட்டார்.

வெளியேயிருந்து பதிலே இல்லை.

"பார்த்தீங்களா!" என்றார். சபை மெச்சித் தலையாட்டியது.

ராசகிளி பல்லைக் கடித்தாள். "அண்ணாச்சி, கள்ளு புளிச்சுக்கிட்டு இருக்கு! முத்திரையைப் போடுங்க!"

"முத்திரை ஆபீஸ்லதானே இருக்கு? நீயே போய் எடுத்துட்டு வந்துரும்மா."

ராசகிளி ஓடினாள். அலுவலகத்தில் முத்திரை இல்லை. அதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லித் தொலைத்ததால், தூக்குவாளியில் போட்டு மூடி, கிணற்றுக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். தேடிக் கண்டுபிடித்து மேலே இழுப்பதற்குள் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கிணறு மட்டும்தான் கேட்டது.

அவள் போன நேரத்தில், கள் புளித்துவிட்டதா என்று பார்க்க வேண்டியது சபையின் கடமை என்று தங்கப்பழத்துக்குத் தோன்றியது. அவர் ஒரு கலயம் பார்த்தார். ஒருவர் நாக்கை நம்பி எப்படி முடிவு செய்வது? சபை பார்த்தது. பிறகு ஊரே பார்த்தது.

எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் சந்தனமாரிக்கு உறைத்தது. "தலைவரே, நாம எல்லாரும் குடிச்சவங்க ஆயிட்டோம். வாசலைத் தாண்டினா தெரு. தெருவுல விழுந்துட்டா?"

எல்லோரும் வாசலைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"வாசல் இருந்தால்தானே தாண்டுவோம்?" என்றார் தங்கப்பழம்.

கடைக்கு மேடை கட்ட ராசகிளி வாங்கிப் போட்டிருந்த செங்கல்லும் சிமெண்டும் அங்கேயே கிடந்தன. தங்கப்பழம் நல்ல கொத்தனார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ராசகிளி முத்திரையோடு திரும்பி வந்தபோது வாசல் இருந்த இடத்தில் பூச்சு வேலை முடிந்து, சுவர் வழவழவென்று இருந்தது.

நானாக இருந்தால் சுவரிலேயே முட்டியிருப்பேன். அவள் ஒரு கருங்கல்லை எடுத்துச் சுவரில் எறிந்தாள். கல்தான் உடைந்தது.

"யோவ்!" மரியாதை போய்விட்டது. "வெளியே வாங்கய்யா!"

ஜன்னலில் தலைவரின் முகம் தெரிந்தது. "வர முடியாதும்மா, நாங்க குடிச்சிருக்கோம்."

"அப்போ அந்தக் காகிதத்தையாவது வெளியே நீட்டுங்க, நான் குத்திக்கிறேன்!"

"அதெப்படி? நீ எங்க எதிரே நிற்கணும். இப்போ சுவருக்கு எதிரே இல்ல நிற்கிறே?"

"தெரு வேண்டாம்னா பின்னாடி வழியா வந்து தொலைங்களேன்! அங்கே தெருவா இருக்கு?"

கோபத்தில் சொன்ன பேச்சுதான். ஆனால் கோணல்பாடியில் அப்படியெல்லாம் பேசக்கூடாது. உள்ளே கடப்பாரைச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அனுமதிக் காகிதத்தைத் தலைக்கு மேலே பிடித்தபடி, கம்பீரமாக ஓரடி எடுத்து வைத்தார். நேரே குளத்தில் விழுந்தார்.

"தெருவுல விழலை!" என்று தண்ணீரிலிருந்து அறிவித்தார்.

உள்ளே கைதட்டினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வரிசை கலையாமல் ஊரே குளத்தில் விழுந்தது. மேளக்காரர்கள் மட்டும் உள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கழுத்தளவுத் தண்ணீர்தான். நிற்கலாம். ஆனால் நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. குளத்தில் மிதந்த பெரிய பனந்தடியை எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். கரையேறினால் தெரு என்பதால் யாரும் ஏறவில்லை. ராசகிளி படித்துறையில் வந்து நின்றாள்.

"இப்போதான் எதிரே நிற்கிறே" என்று தலைவர் மகிழ்ந்தார்.

"தலைவரே, மேளம் வெளியே கேட்குதே!" என்றாள் சந்தனமாரி. ஊரே இப்போது வெளியேதான் இருந்தது.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வழிதான். கடைக்குச் சம்மதம்னா ரெண்டு கையையும் தூக்குங்க!"

எல்லோரும் பனந்தடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்கள். எல்லோரும் முழுகினார்கள். தண்ணீருக்கு மேலே கைகள் மட்டும் தெரிந்தன. மேளச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு கையில் அனுமதிக் காகிதம் இருந்தது. ராசகிளி எட்டி அதைப் பிடித்து, படிக்கட்டில் வைத்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். அனுமதி கிடைத்துவிட்டது!

தலைகள் மேலே வந்தன.

"எத்தனை கை தூக்கினாங்க?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார் தலைவர்.

"தெரியலை, நான் தண்ணிக்குள்ளே இருந்தேன்" என்றார் தங்கப்பழம்.

"எல்லாரும்தான்யா தூக்கினீங்க! நான் பார்த்தேன்!" என்றாள் ராசகிளி.

"நீ சபை உறுப்பினர் இல்லையேம்மா. மறுபடியும் தூக்குங்க!"

மறுபடியும் முழுகினார்கள். மறுபடியும் யாரும் பார்க்கவில்லை. ராசகிளி ஒரு முறை முறைத்தாள். பிறகு பின்சுவர் ஓட்டை வழியாக மேளக்காரர்களைப் பானைகளை நீட்டச் சொல்லி, படித்துறைக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். ஒவ்வொரு தடவை தலைகள் மேலே வரும்போதும் ஆளுக்கொரு கலயம் ஊற்றினாள். புளிப்பதற்கு ஒரு சொட்டு மிச்சமில்லை.

சாயங்காலம் சொன்னபடியே தாசில்தார் ஜீப்பில் வந்தார். பானை தூக்கிக் களைத்த மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தியிருந்ததால் சத்தமும் இல்லை. தெருவில் ஒருவனும் விழுந்து கிடக்கவில்லை. குளத்தைப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே கூப்பியது போல ஜோடி ஜோடியாகக் கைகள் எழுந்து நின்றன. நெகிழ்ந்துபோனார். அவரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து இசக்கிமுத்துவின் தலை மேலே வந்தது. "தலைவரே! தாசில்தாரும் கை தூக்கிட்டார்! அவர் முழுகறதுக்குள்ளே போய்ட்டார். அவரைக் கூட்டிட்டு வந்து மறுபடியும் எடுக்கணும்!"