கைவிடாத துப்பாக்கி

"ரிவால்வரா, பிஸ்டலா? ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம். எது சமயத்துல கைவிடாது?"

நாகரத்தினம் கேட்டது இவ்வளவுதான். கேட்ட இடம், பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு ரைஃபிள் கிளப். பதில் சொல்ல வேண்டியவள் ரெஜினா. போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து, அங்கே பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பவள். நாகரத்தினத்தைவிட வயதில் சின்னவள். வாயில் பெரியவள்.

நாகரத்தினத்துக்குப் பொறுமை கிடையாது. அவள் இருந்த இருப்புக்கு யாருக்கும் இருந்திருக்காது. கணவர் போனதும் தென்னந்தோப்பு அவள் பேருக்கு வந்தது. அன்றிலிருந்து கொழுந்தன் கந்தவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டார் ஒயரை அறுத்தான். தோப்பு நாய்க்கு விஷம் வைத்தான். ஸ்டேஷனுக்குப் போனால், "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்குங்கம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். துப்பாக்கி வாங்குவதுதான் பாக்கி.

"கடைக்காரர் என்ன சொன்னாருக்கா?" என்றாள் ரெஜினா.

"ரிவால்வர்ல ஒரு குண்டு வெடிக்கலேன்னா திரும்ப அழுத்துனாப் போதுமாம், அடுத்தது வந்துருமாம். பிஸ்டல் தட்டையா இருக்கும், சேலைக்குள்ள தெரியாதாம். ஆனா சிக்கிக்கிச்சுன்னா ரெண்டு கையும் வேணுமாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"அது எனக்கும் தெரியும். நீங்க எதச் சொல்றீங்க?"

ரெஜினா அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பார்த்தால் ரிவால்வர். தொட்டால் ஒரே வார்ப்பில் ஊற்றிய இரும்பு. எதுவும் சுழலாது, எதுவும் அசையாது. ட்ரிகர்கூட அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மை.

"இத ஒரு மாசம் சுமங்க. சந்தை, கோயில், கல்யாண வீடு, எல்லா இடத்துக்கும். அப்புறமா வந்து கேளுங்க, சொல்றேன்."

"இரும்பு சுமக்கறதுக்கு நான் என்ன பழைய சாமான் கடையா வெச்சிருக்கேன்?"

"சுமக்கத் தெரியாதவங்களுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் பழைய சாமான்தான்."

நாகரத்தினம் அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல் தாண்டவில்லை, ரெஜினாவின் குரல் வந்தது.

"அக்கா! கந்தவேல் எதிர்ல நிக்கறான். எடுங்க!"

ஜிப் பாதியில் மாட்டியது. இழுத்ததில் முதலில் மூக்குக்கண்ணாடி வந்தது, பிறகு மாத்திரை அட்டை, பிறகு சாவிக்கொத்து. இரும்பு அடியில் கிடந்தது.

"மாத்திரையக் காட்டி மிரட்டுங்க, பயந்துருவான்" என்றாள் ரெஜினா.

அந்தக் கேலியை நாகரத்தினம் மன்னிக்கவில்லை. இடுப்பில் செருகிப் பார்த்தாள். பாவாடை நாடா பாரம் தாங்காமல் நடுச்சந்தையில் இறங்கப் பார்த்தது. தடித்த கான்வாஸில் பட்டையான பெல்ட் தைத்தாள். அதில் ட்ரிகரை மூடுகிற மாதிரி ஒரு உறை வைத்தாள். முந்தானையை எந்த மடிப்பில் விட்டால் உருவம் தெரியாது, எந்தப் பக்கம் ஒதுக்கினால் கை தடங்கலில்லாமல் போகும் என்று கண்ணாடி முன்னால் நின்று நின்று கண்டுபிடித்தாள். ஒவ்வொரு முறை உருவும்போதும் எதிரே கந்தவேலை நிறுத்திவைத்தாள். மனசுக்கு இதமாக இருந்தது.

மாதக் கடைசியில் கந்தவேல் மகள் அகிலாவுக்குக் கல்யாணம் வந்தது. அந்தப் பெண் தகப்பன் பேச்சைக் கேட்காமல், பெரியம்மாவைத் தேடி வந்து கூப்பிட்டாள். "நீங்க வராம நான் மணையில உக்கார மாட்டேன். அப்பா என்ன வேணா கத்தட்டும்." பேசப் பழகியதே நாகரத்தினத்தின் மடியில் இருந்துதான். எப்படிப் போகாமல் இருப்பாள்?

போனாள், இரும்போடு. நலங்கு வைக்கும் நேரத்தில் சந்தனத்தைத் தொட்டு எடுத்தாள். கந்தவேல் குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணி, தள்ளி நில்லுங்க. சுமங்கலிங்க வைக்கட்டும்."

நாகரத்தினம் நகரவில்லை.

"எங்க அண்ணன முழுங்குனது பத்தாதா? என் பொண்ணு வாழ்க்கையிலயும் கை வைக்கணுமா?"

மறுநாள் காலை, கிளப் மேஜைமேல் இரும்பு 'ணங்' என்று விழுந்தது.

"உங்க பொம்மையால ஊரே சிரிச்சுது மேடம்! நல்லதா ஒண்ண அன்னைக்கே கைகாட்டியிருந்தா இந்த அசிங்கம் எனக்கு வந்திருக்குமா?"

"உக்காருங்க. எடுத்தீங்களா?"

"எடுத்தேன். எப்ப எடுத்தேன்னு எனக்கே தெரியாது. கை அவ்வளவு பழகிடுச்சு."

"விரல்?"

"ட்ரிகர்ல."

"அழுத்துனீங்களா?"

"அழுத்துனேன். ஆமா, அழுத்துனேன்! என்ன பேச்சுப் பேசினான் தெரியுமா அந்த நாய்? நல்லா நெஞ்சுக்கு வெச்சு, இருக்கற பலத்தையெல்லாம் கூட்டி அழுத்துனேன். அசையல சனியன்."

"அவன் என்ன பண்ணான்?"

"என்ன பண்ணுவான்? தோப்பப் பிடுங்க வரப்பத்தான் வீரன். தாவி அந்தப் பக்கமா விழுந்தான்."

"சரி, அவன் தாவிட்டான். உங்க விரல் இன்னும் அழுத்திட்டுத்தான் இருந்துச்சு. அப்ப எதிர்ல யாரு?"

நாகரத்தினத்துக்கு அது இப்போதுதான் கண்முன் வந்தது.

மணை. மணைமேல் கன்னம் நிறையச் சந்தனம். பெரியம்மா வைக்கட்டும் என்று நிமிர்த்திக் காட்டிய முகம்.

வெளியே யாரோ சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் குலுங்கியது.

ரெஜினா தண்ணீர் வைத்தாள். நாகரத்தினம் தொடவில்லை.

"அப்ப நான் வெறுங்கையோட நிக்கணுமா?" குரல் அடங்கி வந்தது, கோபம் மட்டும் அடங்கவில்லை. "நாளைக்கு அவன் ஆள் அனுப்புவான். தோப்புல நான் தனியா இருக்கேன். அவன் வெட்டுனா நியாயம், நான் தூக்குனா தப்பா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. போய் வாங்குங்க."

"எத வாங்கறது? அதத்தானே அன்னைலேர்ந்து கேக்கறேன்! கைவிடாதது எது?"

ரெஜினா மேஜைமேல் கிடந்த இரும்பை எடுத்து, பிடி நாகரத்தினத்தின் பக்கம் இருக்கும்படித் திருப்பி வைத்தாள்.

"நேத்து நீங்க சுட்டீங்கக்கா. இது சுடல."